பேசும் கார்களும் பேசாத காளைகளும்

பொங்கல் வந்துவிட்டால் அலங்காநல்லூரின் பேச்சுத்தான் ஊரெல்லாம். வாடிவாசல் திறக்கிறது. திமிலை உலுக்கிக்கொண்டு காளை பாய்கிறது. பிடித்தவர் பிடிக்கிறார், பிடி நழுவியவர் மண்ணில் உருளுகிறார். மாலையில் பரிசளிப்பு. ஒரு காலத்தில் வேட்டியும் துண்டும் பரிசாக இருந்தன. இப்போதோ? 2025-ம் வருஷம் சிறந்த மாடுபிடி வீரருக்குக் கிடைத்தது ஒரு மோட்டார் கார். சிறந்த காளையின் சொந்தக்காரருக்கு ஒரு டிராக்டர்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காளையைக் களத்தில் விடுவதற்கு எத்தனை கட்டுப்பாடுகள்! கால்நடை டாக்டர் காளையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மற்றொரு டாக்டர் வீரரைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தடுப்பு வேலி. பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். சில நிமிஷங்களே ஓடப்போகிற காளைக்கு இவ்வளவு காவல். பரிசாகக் கிடைத்த கார் சாலையில் இறங்கினால், அதற்கும் நடந்து போகிறவர்களுக்கும் நடுவே எந்த வேலி இருக்கிறது?

காளையைவிடக் கார் சாது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் அந்த வருஷம் இவ்வளவு விபத்துகள் இல்லை. மாண்டவர்கள் 17,884 பேர். அதாவது நாள் ஒன்றுக்கு 49 வீடுகளில் அழுகைக் குரல். பாரத தேசம் முழுவதும் சேர்த்தால் 1,68,491 உயிர்கள். மணிக்கு 19 பேர்.

"மனிதன் ஓட்டுவதால்தானே இத்தனை விபத்து? ஸ்டீயரிங்கை அவன் கையிலிருந்து வாங்கி யந்திரத்திடம் கொடுத்துவிட்டால் என்ன?" என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. "ஒரு கார் இன்னொரு காரோடு பேசிக்கொண்டே போனால் மோதலே நடக்காதே!" என்றும் சொல்கிறார்கள்.

நடக்கக்கூடிய காரியந்தானா இது? நடந்தாலும் நம் ஊர்ச் சாலைக்குப் பிரயோஜனப்படுமா?

டிரைவர் எங்கே?

அலங்காநல்லூர் டீக்கடை ஒன்றில் இந்தப் பேச்சு எழுந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

"ஏன் மாப்ளே, ஆளே இல்லாம வண்டி ஓடுதாம்ல? முனியாண்டிதான் ஓட்டுறாரா?"

"இல்லை மாமா, கம்ப்யூட்டர் ஓட்டுது."

"அதுக்குக் கண்ணு?"

மாமாவின் கேள்வி மிகவும் சரியான கேள்வி. யந்திரத்துக்குக் கண் வேண்டும் அல்லவா? ஒன்றல்ல, பல கண்கள் இருக்கின்றன. காரைச் சுற்றிலும் காமிராக்கள். இருட்டிலும் பனியிலும் எதிரே இருப்பதை ரேடியோ அலையால் தடவிப் பார்க்கும் ராடார். லேசர் ஒளியை வீசி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் மற்றொரு கருவி. இவை எல்லாம் சொல்வதைக் கேட்டு, "இது லாரி, இது மரம், இது மனுஷன்" என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பிறகு பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் அதுவே இயக்குகிறது.

கூகிள் கம்பெனி இந்த வேலையை 2009-ல் ஆரம்பித்தது. வேமோ என்ற பெயரில் தனிக் கம்பெனியான பிறகு, 2020-ம் வருஷம் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்துப் பக்கத்தில், முன் ஸீட்டில் யாருமே இல்லாத டாக்ஸிகளைப் பொதுஜனங்களுக்கு விட்டது. ஆகையால், இது வெறும் கட்டுக்கதை அல்ல.

கார்கள் என்ன பேசிக்கொள்ளும்?

நிற்க. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மூலை திரும்பினால் மறுபக்கம் தெரியாது. அதற்குத்தான் பேச்சு.

சாலையில் ஒரு வளைவு. ஓரத்தில் பெரிய புளியமரம். வளைவுக்கு அப்பால் கரும்பு ஏற்றிய டிராக்டர் பழுதாகி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் காரில் வருகிறீர்கள். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். டிராக்டரைக் கண்டு, மனம் பதறி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. அதற்குள்ளாகவே 25 மீட்டர் போய்விட்டது! பிரேக் பிடித்த பிறகு கார் நிற்க, காய்ந்த நல்ல சாலையிலும், இன்னும் 20 மீட்டராவது வேண்டும். வளைவில் 30 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்றால் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வண்டியிலும் ரேடியோக் கருவி இருந்தால் கதையே வேறு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன வேகத்தில் போகிறேன், இந்தத் திசையில் திரும்புகிறேன், இப்போது பிரேக் பிடித்திருக்கிறேன்" என்று ஒவ்வொரு வண்டியும் விநாடிக்குப் பத்துத் தடவை அறிவித்துக்கொண்டே இருக்கும். சுமார் 300 மீட்டர் தூரம் வரையில் மற்ற வண்டிகள் அதைக் கேட்கும். புளியமரம் பார்வையை மறைக்கலாம். பேச்சை மறைப்பது கஷ்டம். வளைவுக்கு வெகு முன்னாலேயே உங்கள் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

இந்த எண்ணம் புதியது என்றா நினைக்கிறீர்கள்? 1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தார்கள். நீராவியில் ஓடும் வண்டிக்கு முன்னால் 60 கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்! கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும் ஊருக்குள் 2 மைலுக்கு மேலும் வண்டி போகக் கூடாது. இன்றைய ரேடியோக் கருவி அந்தக் கொடிக்காரருக்குக் கொள்ளுப்பேரன் முறை. முன்கூட்டியே எச்சரிப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

டொயோட்டா கம்பெனி 2015-ல் ஜப்பானில் இப்படிப் பேசும் கார்களை விற்கத் தொடங்கியது. 2019-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் தன் கோல்ஃப் காரில் இதைச் சேர்த்தது. அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2014-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. நாற்சந்திகளிலும் திருப்பங்களிலும் எச்சரிக்கும் இரண்டே இரண்டு வசதிகளால் அந்த நாட்டில் வருஷத்துக்கு 5,92,000 மோதல்கள் வரை தடுக்கலாம், 1,083 உயிர்கள் வரை காப்பாற்றலாம் என்பது அந்த மதிப்பீடு.

ஆனால் ஒரு சிக்கல். பேச்சு என்றால் இரண்டு பேர் வேண்டும். பத்து வண்டிகளில் ஒன்றில் மட்டும் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளிலும் கருவி இருப்பது நூறு சந்திப்புகளில் ஒரே ஒரு சந்திப்பில்தான். பாதி வண்டிகளில் கருவி வந்த பிறகும், நான்கில் ஒரு சந்திப்புக்குத்தான் பேச்சுத் துணை உண்டு. மற்ற மூன்றும் பழைய கதைதான்.

ரயிலுக்குக் கவசம், சாலைக்கு?

நம் நாட்டில் இந்த வித்தை ஓரிடத்தில் நன்றாகவே பலிக்கிறது. அது ரயில் பாதை. 'கவச்' என்று ஓர் ஏற்பாடு. தண்டவாளத்தில் பதித்த அடையாள வில்லைகளும் எஞ்சினில் உள்ள கருவியும் ரேடியோவும் சேர்ந்து, ரயில் எங்கே இருக்கிறது என்று சதா அறிவித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் டிரைவர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனால், யந்திரமே பிரேக் பிடித்துவிடும். 2022 மார்ச் 4-ம் தேதி ரயில்வே மந்திரியே செகந்திராபாத் அருகே எஞ்சினில் ஏறி நின்று இதைச் சோதித்துப் பார்த்தார். டில்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் முதல் டிரைவர் இல்லாமலேயே ரயில் ஓடுகிறது.

ரயில் பாதையில் சாத்தியமானது சாலையில் ஏன் கஷ்டம்? ரயில் பாதையில் ரயிலைத் தவிர வேறொன்றும் ஓடுவதில்லை. அலங்காநல்லூர்ச் சாலையில் எது ஓடவில்லை? பஸ் ஓடுகிறது, ஷேர் ஆட்டோ ஓடுகிறது, மூன்று பேரை ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஓடுகிறது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஊர்கிறது, ஆட்டு மந்தை குறுக்கே போகிறது, அறுவடைக் காலத்தில் நெல் காய்கிறது. ஜல்லிக்கட்டு நாளிலோ களத்தை விட்டு ஓடிவந்த காளையே எதிரே நின்றாலும் ஆச்சரியமில்லை!

இவற்றில் எதன் கழுத்தில் ரேடியோ கட்டுவது? சலங்கை கட்டுகிற இடத்தில் கருவியைக் கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்லலாம். கட்டினாலும் தினந்தோறும் அதற்கு மின்சாரம் ஏற்றுவது யார்?

வேடிக்கை இருக்கட்டும். 2022-ம் வருஷத்துக் கணக்கை மறுபடியும் பாருங்கள். இந்தியச் சாலைகளில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். ஆக, மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு உயிர்கள், காருக்குள் இல்லாதவர்களின் உயிர்கள். கார்கள் தங்களுக்குள் எவ்வளவு இனிமையாகப் பேசிக்கொண்டாலும், அந்தப் பேச்சில் சேராதவர்கள் இவர்கள்தாம்.

அரிசோனாவில் ஓர் இரவு

பேச்சில் சேராதவருக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு சோக உதாரணம் உண்டு.

2018 மார்ச் 18-ம் தேதி, இரவு சுமார் பத்து மணி. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தின் டெம்பி நகரம். ஒரு பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடக்கிறார். ஊபர் கம்பெனி சோதித்துக் கொண்டிருந்த தானோட்டிக் கார் மணிக்கு சுமார் 70 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. மோதல். அந்த அம்மாள் இறந்து போனார்.

யந்திரத்துக்குக் கண் தெரியவில்லையா? தெரிந்தது! விசாரித்த அரசாங்கக் குழு கண்டுபிடித்த விஷயந்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே, அதாவது 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே, யந்திரம் அந்த அம்மாளைக் கவனித்துவிட்டது. ஆனால் 'இது ஒரு வண்டி' என்றது, 'வேறு ஏதோ' என்றது, 'சைக்கிள்' என்றது. ஒவ்வொரு தடவை பெயரை மாற்றும்போதும், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற கணக்கை முதலிலிருந்து தொடங்கியது. பாதசாரிகள் கடப்பதற்குக் கோடு போட்ட இடத்தைத் தவிர வேறு இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருந்த ஊழியரின் பார்வையோ செல்போனில்!

யோசித்துப் பாருங்கள். கோடு போட்ட இடத்தில் மட்டும் சாலையைக் கடப்பது என்றால், நம் கிராமங்களில் எத்தனை பேர் எதிர்ச் சாரிக்குப் போக முடியும்?

ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி அனுபவம். ஸ்வீடனின் பெரிய காட்டு மான்களை அடையாளம் காண அவர்கள் காருக்கு நன்றாகத் தெரியும். 2017-ல் ஆஸ்திரேலியாவில் கங்காரு குறுக்கே வந்தது. கார் திணறிவிட்டது! ஒரு பிராணி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அது தரையைக் கொண்டு கணக்கிடும். கங்காரு துள்ளும்போது தூரத்தில் இருப்பது போலவும், காலை ஊன்றும்போது கிட்டே இருப்பது போலவும் மாறி மாறித் தோன்றியதாம். துள்ளுகிற கங்காருவே இப்படி என்றால், வாடிவாசலைத் தாண்டித் துள்ளி வரும் நம் காளையை அது என்னவென்று நினைக்கும்?

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தகவல் தொழில்நுட்பக் கல்வி நிலையமான ஐ.ஐ.ஐ.டி., இன்டெல் கம்பெனியோடு சேர்ந்து 2018-ல் ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. ஹைதராபாத், பெங்களூர்ச் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள். ஆட்டோ ரிக்ஷா, மோட்டார் சைக்கிள், ஆடு மாடு என்று ஒவ்வொன்றையும் பிரித்து அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். யந்திரத்துக்கு நம் ஊர்ச் சாலையைச் சொல்லிக் கொடுக்கும் பால பாடம் அது.

வேகமா, விவேகமா?

யந்திரத்துக்குக் கண் தெளிந்துவிட்டது, காதும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விபத்துகள் எல்லாம் ஒழிந்துவிடுமா?

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2020-ல் இதை ஆராய்ந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விபத்துகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மனிதனின் தவறு ஒரு காரணமாக இருந்தது. ஆனால், கூர்மையான கண்ணாலும், தூக்கமும் குடிமயக்கமும் இல்லாத நிதானத்தாலும் மட்டும் தடுக்கக்கூடியவை மூன்றில் ஒரு பங்குதானாம்! மற்றவற்றில் பல, ஓட்டுகிறவர் தெரிந்தே அவசரப்பட்டதாலும், முந்தப் பார்த்ததாலும், வேண்டாத துணிச்சலாலும் வந்தவை. யந்திரத்துக்கும் "சீக்கிரம் போ" என்று நாம் உத்தரவிட்டால், அதுவும் சீக்கிரமாகப் போய்ச் சீக்கிரமாக மோதும்.

ஆகவே, யந்திரத்திடம் எதை முக்கியம் என்று சொல்லி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் 2022-ல் சாலையில் போன உயிர்களில் நூற்றுக்கு 71 அதிக வேகத்தால் போனவை. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர்ச் சேதம் நேரும் விபத்தின் அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு லாபம்!

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. முதலாவது, பேசும் காரின் காதில் திருடன் வந்து பேசினால்? 2015-ல் அமெரிக்காவில் இரண்டு நிபுணர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் கார் ஒன்றின் வேகத்தை எங்கேயோ வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட் மூலம் அடக்கிக் காட்டினார்கள். ஓட்டியவருக்கு முன்கூட்டியே தெரிவித்துச் செய்த சோதனைதான் அது. ஆனாலும் கம்பெனி பதறிப்போய் 14 லட்சம் வண்டிகளைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தது.

இரண்டாவது, டிரைவர்களின் வயிற்றுப்பாடு. 2023 டிசம்பரில் மத்திய மந்திரி நிதின் கட்கரி, டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் வர விடமாட்டேன் என்று சொன்னார். 70, 80 லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்பது அவர் காட்டிய காரணம். மதுரை வட்டாரத்தில் வேன், ஆட்டோ, லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகவே இருந்திருக்கும்.

அதுவரை சும்மா இருப்பதா?

டிரைவர் இருக்கட்டும், யந்திரம் அவருக்குத் துணைக்கு வரட்டும். இப்படி ஒரு நடுவழி இருக்கிறது. நாகபுரியில் 2021-ல் ஆரம்பித்த திட்டம் ஒன்றில், நகர பஸ்களில் காமிராக் கருவிகளைப் பொருத்தினார்கள். முன்னால் ஆள் வந்தாலோ, வண்டி மிகவும் நெருங்கினாலோ கருவி டிரைவரை எச்சரிக்கும். அடிக்கடி எச்சரிக்கை ஒலிக்கும் இடம் எது என்று பார்த்து, விபத்து நடப்பதற்கு முன்பே அந்த இடத்துச் சாலையைச் சீர்திருத்தலாம். டிரைவரின் வேலைக்கும் ஆபத்தில்லை. பாதசாரியின் உயிருக்கும் காவல்.

வேறு சில நல்ல காரியங்களும் ஏற்கனவே நடந்திருக்கின்றன. 2019 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸி போன்ற பொது வாகனங்களில், இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி. அதே வருஷம் ஏப்ரல் முதல், 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களில், பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இறுகிச் சறுக்காதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயமாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய முறைப்படி, விபத்து நடந்த இடத்தைப் போலீஸார் செல்போனிலேயே பதிவு செய்கிறார்கள். எந்த வளைவில் அடிக்கடி ரத்தம் சிந்துகிறது என்பது இதனால் தெரிந்துவிடும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். யந்திரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை.

நம் கையில் இருப்பது? டிராக்டர் டிரெய்லரின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புப் பட்டை ஒட்டச் சில ரூபாய்தான் ஆகும். மாட்டு வண்டிக்கும் அப்படியே. இருட்டில் அதுவும் ஒரு பாஷை. பின்னால் வருகிறவனிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அது பேசும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஹெல்மெட்டை ஒழுங்காக அணிந்தால், தலையில் காயம் படும் அபாயம் நூற்றுக்கு 69 பங்கும், உயிர் போகும் அபாயம் 42 பங்கும் குறைகிறது. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கியின் மேல் வைத்து ஓட்டினால், டாங்கிதான் பத்திரமாக இருக்கும்!

தானோட்டிக் கார்கள் என்றைக்காவது மதுரைப் பக்கமும் வரத்தான் போகின்றன. வரட்டும். வந்தால் மற்றொரு காரோடு அது எப்படிப் பேசுகிறது என்று பார்த்து நாம் மயங்கிவிடக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையிடம் ரேடியோக் கருவி கிடையாது. சைக்கிளில் பால் கொண்டு போகிறவரிடம் கிடையாது. தொழுவத்துக்குத் திரும்பும் மாட்டிடமும் கிடையாது. எதிரே இருப்பது என்னவென்று புரியாதபோது, "எதுவாக இருந்தால் என்ன, முதலில் மெதுவாகப் போவோம்" என்று எண்ணுகிற புத்தி அந்தக் காருக்கு இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டும் கார், டிரைவர் இல்லாமல் வந்தாலும் தாராளமாக அலங்காநல்லூருக்குள் நுழையலாம்.

இன்று காரை ஓட்டிக் கொண்டிருக்கும் நமக்கும் அதே புத்திதான் வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? ஊர் எல்லைப் பலகை கண்ணில் பட்டதும் காலைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.